கதவில் போட்ட எண்

கலியாணசுந்தரம் சிவப்புச் சாய டப்பாவோடு எங்கள் சந்துக்குள் நுழைந்தபோதே நான் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்வீட்டுக்காரன்தான், தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் அன்றைக்கு அவனுக்கு முன்னால், காக்கிக் கால்சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக டவுன் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற ஒரு மலாய்க்காரக் கிராணி கக்கத்தில் கனத்த நோட்டுப் புத்தகத்தோடு நடந்து வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று என்னவோ கேட்பார், எழுதிக்கொள்வார், தலையை ஆட்டுவார். உடனே இவன் தூரிகையை முக்கி அந்த வீட்டுக் கதவில் ஓர் எண் போடுவான். தன் கதவிலும் ஒன்பது என்று போட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அழகு வேறு பார்த்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிற மெர்டேக்காவுக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. காஜா பெராங் சாலைக்குப் பின்னால், மழை பெய்தால் முழங்கால் வரை சேறு நிற்கிற பள்ளத்தில் நாங்கள் பதினான்கு குடும்பங்கள் இருந்தோம். எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது வாங்கியவர்களுக்கு மரம் வேண்டியிருந்தது, ஆட்கள் வேண்டியிருக்கவில்லை. பிழைக்க டவுனுக்கு வந்தோம். பெட்டிப் பலகையில் சுவர், அத்தாப்பு ஓலையில் கூரை. நிலம் யாருடையது என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை, எங்களையும் யாரும் கேட்கவில்லை. என் புருஷன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. நானும் என் மகள் பாக்கியமும் ஐந்து ஆடுகளும். ஆட்டுப்பாலைப் போத்தலில் ஊற்றி வீடு வீடாகக் கொடுத்துத்தான் எங்கள் பிழைப்பு. அந்தக் குடிசை போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கதவில் சிவப்பு என்றால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்த எவளைக் கேட்டாலும் சொல்வாள். கித்தா மரம், அதுதான் ரப்பர் மரம், கிழடாகிப் பால் வற்றிவிட்டால், துரை ஆள் அனுப்பி அதன் இடுப்பில் சிவப்பு வளையம் போடச் சொல்வார். வளையம் விழுந்த மரம் அடுத்த மாதம் தரையில் கிடக்கும். எண் என்றால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் எங்கள் கூலி லயத்துக் கதவுகளில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். மறுவாரம் லாரி வந்தது, அள்ளிக்கொண்டு போய் முள்வேலிக்குள் இறக்கினார்கள். இப்போது சிவப்பும் எண்ணும் ஒன்றாக வருகிறது. போதாக்குறைக்கு, மெர்டேக்கா வந்ததும் தமிழர்களைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று பசாரில் பேச்சு. நான் என்ன நினைப்பேன்?

மற்றவர்கள் காக்கியைப் பார்த்ததும் வாயடைத்துப் போய் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு பேரைப் பின்பக்கமாக வெளியே அனுப்பிவிட்டுக் கணக்குச் சொன்னதோடு சரி. தோட்டத்தில் தலை எண்ண வந்தாலும், பெயர் பதியாத சொந்தக்காரர்களை அப்படித்தான் காட்டுக்குள் அனுப்புவோம். எனக்கு மட்டும் அதைவிடப் பெரிய புத்தி வந்தது. கிராணி என் வாசலுக்கு வர இன்னும் மூன்று வீடு இருந்தது. பாக்கியத்தைத் தண்ணீர்க் குழாய்க்கு விரட்டினேன். பாயையும் பானையையும் மூலையில் குவித்துச் சாக்கைப் போட்டு மூடினேன். ஐந்து ஆடுகளையும் உள்ளே ஓட்டி, தரையெல்லாம் தழையை இறைத்தேன்.

கிராணி வந்து இது யார் வீடு என்று கேட்டார். வீடில்லை துவான், ஆட்டுக் கொட்டகை என்று எனக்குத் தெரிந்த பசார் மலாயில் சொன்னேன். கிழட்டுக் கிடா அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்று புழுக்கை போட்டு எனக்காகச் சாட்சி சொன்னது. அப்படியானால் நீ எங்கே படுக்கிறாய் என்றார். செங் என்கிற ஊரில் என் தம்பி வீட்டில் என்றேன். எனக்குத் தம்பி என்று ஒருவன் பிறக்கவே இல்லை. அவர் என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினார். எழுதியதற்கு அடியில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

தூரிகையோடு பின்னால் நின்ற கலியாணசுந்தரம், கிராணிக்குப் புரியாதபடி தமிழில் மெல்லச் சொன்னான்.

"அக்கா, வேணாம்னு சொல்லாதீங்க. நம்பரு வாங்கிக்குங்க. நல்லதுக்குத்தான்."

இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அந்த நிமிஷத்தில்தான் அவன்மேல் எனக்குச் சந்தேகம் முளைத்தது. ஆட்டை அதட்டுவதுபோல் அவனையும் சேர்த்து அதட்டிவிட்டு உள்ளே போனேன்.

அவர்கள் போனதும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் கந்தல் துணியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சாயம் காய்வதற்குள் அழியுங்கள் என்றேன். கடைசி வீட்டு நடராஜன் முதலில் தயங்கினார். லாரி ஏறத் தயாரா என்று கேட்டதும் அவரே துணியைப் பிடுங்கித் தேய்த்தார். பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு கதவுகளிலும் சிவப்புத் தீற்றல்தான் மிச்சம். ஒன்பது மட்டும் அப்படியே இருந்தது. அதைத் துடைக்கச் சொல்லிக் கேட்டபோது கலியாணசுந்தரம் சிரித்தான். தொலைப்பவன் சிரிக்க மாட்டான், எதுவோ கிடைக்கப்போகிறவன்தான் சிரிப்பான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகு அவன் என்ன செய்தாலும் எனக்கு உறுத்தியது. அவன் எங்களோடு தோட்டத்திலிருந்து வந்தவன் இல்லை. எட்டு மாதத்துக்கு முன், பெட்டியும் பெண்டாட்டியுமாக வந்து எதிரே குடிசை போட்டவன். ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறானாம். பலகை எழுதுகிறவனுக்குச் சட்டையில் பெட்டி போட்ட மடிப்பு எதற்கு? எந்த ஊர் என்று கேட்டால் "எல்லாம் இங்கதான்கா" என்பான். கிராணியோடு மலாயில் பேசும்போது தோளில் கைபோடாத குறைதான். அவன் பெண்டாட்டி சந்திரமதி மாசமாக இருந்தாள். பாவம், அமைதியான பெண். எனக்கு அந்த அமைதிகூடப் பிடிக்கவில்லை. நான் பார்க்கிறபோதெல்லாம் அவள் தலை குனிந்தால், என்னத்தையோ மறைக்கிறாள் என்றுதானே தோன்றும்?

குழாயடியில் நான் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. இவன்தான் நம்மைக் காட்டிக் கொடுக்கிறான், கவர்மெண்டு ஆள் என்றேன். இரண்டு வாரத்தில் சந்தே அவனோடு பேசுவதை நிறுத்தியது. சந்திரமதி குடத்தோடு வந்தால் பெண்கள் நகர்ந்து நின்றார்கள். அவளுக்கு என்ன புரிந்ததோ, வெயில் ஏறி எல்லோரும் போன பிறகு தண்ணீர் பிடிக்க வர ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். கலியாணசுந்தரம் என் குடிசையின் பின்பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் முடிச்சுப் போட்ட கயிறு. பலகைச் சுவரோடு கயிற்றைப் பிடித்து அளக்கிறான், காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரு தாளில் குறிக்கிறான். பலகை இடுக்கு வழியே உள்ளே எட்டியும் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்னடா தம்பி செய்யற என்று கேட்டேன். திடுக்கிட்டு எழுந்து, சும்மாதான்கா, அப்புறம் சொல்றேன் என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் அவன் சொல்லவே இல்லை. நான்தான் அவனைச் சொல்லவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு தரம் வாசலில் வந்து கூப்பிட்டான், திறக்கவில்லை. என் குடிசையை இடித்துவிட்டு அந்த இடத்தையும் சேர்த்து வளைத்துப்போடப் பார்க்கிறான், அதற்குத்தான் அளவு என்று நான் முடிவு கட்டியாகிவிட்டது.

மறுவாரம் கிராணி எழுதியதைச் சரிபார்க்கத் தனியாக வந்தார். கலியாணசுந்தரம் வேலைக்குப் போயிருந்தான், சந்திரமதி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒன்பதாம் வீடு பூட்டிக் கிடந்தது. இவர்கள் எங்கே என்று கிராணி என்னைக் கேட்டார். கடவுளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. அவன் இங்கே குடியில்லை துவான், புக்கிட் காதிலில் அவனுக்கு வீடு இருக்கிறது, இங்கே சாய டப்பா வைக்க மட்டும்தான் வருவான் என்றேன். அவனே தன் கதவில் எண் போட்டானே என்று அவர் யோசித்தார். அதுதான் துவான் அவன் சாமர்த்தியம் என்றேன். எழுதினார். அதற்கு அடியிலும் கைநாட்டு வைத்தேன். அன்று சாயந்திரம் எனக்குச் சோறு ருசித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே ருசித்தது.

மெர்டேக்கா வந்தது. கொடி ஏறியது, பட்டாசு வெடித்தது, யாரையும் யாரும் கப்பலேற்றவில்லை. என் வீடும் அதே இடத்தில் நின்றது. பார்த்தீர்களா, அழித்ததால்தான் தப்பித்தோம் என்று குழாயடியில் பெருமையடித்தேன்.

தைப்பூசம் கழிந்த வாரத்தில் சாலையோரக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பாக்கியம்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கிப் புதிய சாலை போடப் போகிறார்கள். சித்திரைக்குள் எல்லா வீடுகளையும் எடுக்க வேண்டும். எண் போட்டுப் புத்தகத்தில் பதிந்த குடும்பங்களுக்குச் செங்கில் ஆளுக்கொரு மனை, அவர்கள் பெயருக்கே. கீழே பட்டியல் இருந்தது. கதவில் அழித்தால் என்ன, புத்தகத்தில் எண் அப்படியே இருந்திருக்கிறது. பன்னிரண்டு பெயர்கள். ஒன்பதாம் எண் மேல் ஒரு கோடு. என் பெயர் எங்கேயும் இல்லை. இன்னொரு தரம் படிடி என்றேன். மகள் இன்னொரு தரமும் படித்தாள்.

வெட்டக் குறித்த மரம் என்று நினைத்து நான் ஒதுங்கியது, நடுவதற்குக் குறித்த குழி.

விட்டுப்போனவர்கள் நேரில் வந்து சொல்லலாம், அதே சந்தில் குடியிருக்கும் ஒருவர் சாட்சி சொன்னால் போதும் என்றும் அறிவிப்பில் போட்டிருந்தது. நடராஜனிடம் ஓடினேன். அவர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். கொட்டகைன்னு நீயே சொன்னதை நான் வீடுன்னு சொன்னா, என் வீட்டுல எத்தனை பேருன்னு திருப்பிக் கேப்பாங்க, நான் ரெண்டு பேரை மறைச்சது வெளியே வந்துரும், கிடைச்ச மனையும் போயிரும் என்றார். மற்ற பதினோரு வீட்டிலும் இதே பதில்தான். பயப்படச் சொல்லிக் கொடுத்தவளே நான், அவர்களை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன்.

குறித்த நாளில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு டவுன் ஆபீசுக்குத் தனியாகப் போனேன். நீள பெஞ்சில் ஏற்கெனவே கலியாணசுந்தரமும் சந்திரமதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் கலியாணசுந்தரம் நகர்ந்து இடம் கொடுத்தான். எனக்குத் தெரியும் அவன் பெயரில் கோடு எப்படி விழுந்தது என்று. அவனுக்கும் தெரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டுதான் இடம் கொடுக்கிறானா? பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேசைக்குப் பின்னால் அதே கிராணிதான், இஞ்சே இட்ரிஸ் என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். முதலில் கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டார். புத்தகத்தைப் புரட்டி, ஒன்பதாம் எண்ணில் யாரும் குடியில்லை, ஆள் புக்கிட் காதிலில் இருக்கிறார், இங்கே சாயச் சாமான் மட்டும் என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்தார். கலியாணசுந்தரம் நம்ப முடியாமல் பெண்டாட்டியைப் பார்த்தான். யார் சொன்னது என்று கேட்டான். அதை வெளியே சொல்வதில்லை என்றார் இஞ்சே இட்ரிஸ். நீ எண் போட்டதை நானே பார்த்தேன்தான், ஆனால் கைநாட்டோடு புத்தகத்தில் இருப்பதுதான் மேலே போனது, மாற்றவேண்டுமானால் சாட்சி வேண்டும் என்றார்.

கலியாணசுந்தரம் சட்டென்று என் பக்கம் கையைக் காட்டினான். முகம் தெளிந்துவிட்டது அவனுக்கு. ருக்மணி அக்கா இருக்கிறார்களே, எதிர்வீடு, தினமும் பார்க்கிறவர்கள் என்றான்.

இஞ்சே இட்ரிஸ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவன் இங்கே குடியிருக்கிறானா என்று கேட்டார். அந்தக் கைநாட்டு யாருடையது என்று அந்த அறையில் எனக்கும் கிராணிக்கும் மட்டும்தான் தெரியும். ஆமாம் என்று சொன்னால் முன்னே சொன்னது பொய். ஒரு பொய்க்காரிக்கு எவன் மனை கொடுப்பான்? இல்லை, இவனும் கிராணியும் பேசி வைத்துக்கொண்டு என் வாயாலேயே என்னை மாட்டிவிடப் பார்க்கிறார்களோ? அப்போதும் எனக்கு அந்தப் புத்திதான் வந்தது.

"தெரியாது துவான். நான் பார்த்ததில்ல."

சந்திரமதி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். இஞ்சே இட்ரிஸ் ஒன்பதின் மேல் இன்னொரு கோடு போட்டார்.

அடுத்தது என் பெயர். ஆட்டுக் கொட்டகை என்று நீங்களே சொன்னீர்கள், வீடுதான் என்பதற்கு யார் சாட்சி என்றார். ஒருவரும் வரவில்லை, துவான் பார்த்துச் செய்யவேண்டும், வயதுக்கு வரப்போகிற பெண் இருக்கிறாள் என்று கும்பிட்டேன். இஞ்சே இட்ரிஸ் பேனாவை எடுத்தார். அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. கலியாணசுந்தரம் இன்னும் போகவில்லை.

"நான் சாட்சி, துவான். அக்காவும் மகளும் அங்கதான் இருக்காங்க. இப்ப அக்கா பயத்துல என்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க, அதுக்காக அவுங்க வீடு இல்லைன்னு ஆயிருமா? அடுப்பு இருந்தா வீடுன்னு எழுதலாம்னு நீங்கதானே சொன்னீங்க. அதனாலதான் அளந்து எழுதிக் குடுத்தேன்."

இஞ்சே இட்ரிஸ் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடிப்பு விழுந்த தாள். பென்சிலில் என் குடிசை வரைந்திருந்தது. பன்னிரண்டுக்குப் பத்தடி. மூலையில் அடுப்பு, இரண்டு பாய், தண்ணீர்ப் பானை. ஆடு கட்டும் இடத்தைப் பின்னால் தனியாகப் போட்டிருந்தான். பெயர்ப்பலகை எழுதுகிற கை அல்லவா, ஒரு கோடு கோணவில்லை. என் அடுப்பை அந்தத் தாளில் பார்க்க எட்டிக் குனிந்தேன்.

இஞ்சே இட்ரிஸ் அதை என் முன்னால் வைத்துவிட்டுக் கோபமில்லாமல்தான் பேசினார். இந்தத் தாள் ஒன்றே உங்களுக்குப் போதும், ஆனால் சாட்சி சொல்கிறவர் அதே சந்தில் குடியிருக்க வேண்டும், இவர் அங்கே குடியில்லை என்றார். புத்தகத்தைத் திருப்பி என் கைநாட்டின்மேல் விரலை வைத்தார்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க. இப்பவும் அதைத்தானே சொன்னீங்க."

மலாயில்தான் சொன்னார். கலியாணசுந்தரத்துக்கு என்னைவிட நன்றாக மலாய் தெரியும். அவன் அந்தக் கைநாட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

நான் அழுதுவிட்டேன். அவன் அங்கதான் துவான் இருக்கான், பிள்ளை அங்கதான் வளருது, நான் சொன்னது எல்லாம் பொய் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இதில் எதை நான் எழுதுவது என்று கேட்டார் இஞ்சே இட்ரிஸ். மூன்று தரம் மூன்று விதமாகச் சொல்லிவிட்டீர்கள், மேலே அனுப்பினால் என்னைத்தான் கேட்பார்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். பெஞ்சில் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். புத்தகத்தை மூடி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

காஜா பெராங்குக்கு ஒரே சாலைதான். அவர்கள் முன்னால் நடந்தார்கள், நான் ஐம்பதடி பின்னால் நடந்தேன். வெயில் கொளுத்தியது. குழந்தை சிணுங்கியபோது கலியாணசுந்தரம் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவர்கள் வேகமாகப் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். அவர்களோ பிள்ளைக்காக மெதுவாகத்தான் போனார்கள். நானும் மெதுவாகவே போக வேண்டியிருந்தது.

சந்துக்குத் திரும்பும் இடத்தில் அவன் நின்றான். சந்திரமதியைப் போகச் சொல்லிவிட்டு, குழந்தையோடு தனியாக நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். சந்துக்காரர்கள் பார்க்க நாலு வார்த்தை கேட்கப் போகிறான், அதற்குத்தான் இங்கே நிற்கிறான் என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டே அவன் பக்கத்தில் போனேன்.

"இனிமே எங்கக்கா போவீங்க, பாக்கியத்தைக் கூட்டிக்கிட்டு?"

குத்திக் காட்டுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாக அந்த முகத்தில் நான் தேடாத இடம் இல்லை. இப்போதும் தேடினேன். வியர்வையும் களைப்பும்தான் இருந்தது. எங்கே போவேன் என்று கேட்கிறான், அவ்வளவுதான். அவனுக்கும் போக இடமில்லை.

தெரியலடா தம்பி என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சந்துக்குள் நடந்தான்.